நான்காம் மாடிப் பெட்டி

அந்த மருத்துவமனையில் அவளுக்குச் சீரியல் அக்கா என்று பெயர். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் அவளைத் தொலைக்காட்சித் தொடர் பைத்தியம் என்றே நினைத்துக்கொள்வார்கள். ஒரு தடவை ஒரு பயிற்சி நர்ஸ் உரிமையோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அக்கா, நேத்து அந்த மாமியார் கடைசியில மன்னிச்சாளா இல்லையா?" என்று கேட்டு அசடு வழிந்தாள். அக்கா வீட்டிலும் டிவி இருந்தது. அதன் முதுகில் ஒட்டியிருந்த எண் அவளுக்கு மனப்பாடம். அதன் முகத்தில் என்ன ஓடுகிறது என்பதுதான் தெரியாது.

அவளுடைய வேலை கீழ்த்தளத்தில், கணினிப் பிரிவில். மருத்துவமனைக் கணினிகளுக்குள் கழற்றி மாற்றக்கூடிய பாகங்கள் எத்தனை உண்டோ அத்தனைக்கும் அவள்தான் பொறுப்பு. ஹார்ட் டிஸ்க், மெமரி, ஃபேன், பவர் சப்ளை, பேட்டரி. எது எந்தப் பெட்டியில் எந்த இடுக்கில் உட்கார்ந்திருக்கிறது, என்றைக்கு வந்தது, அதற்கு முன்னால் அந்த இடத்தில் இருந்தது எங்கே போனது எல்லாம் அவளுடைய ரிஜிஸ்டரில் இருக்கும். ஒவ்வொரு பாகத்திலும் நகக்கண் அகலத்துக்கு ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். அதில் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தும் எண்ணுமாகப் பதினான்கு. அதுதான் சீரியல் நம்பர். பூஜ்யத்தை 'ஓ' என்று எழுதிவிட்டால் ஒரு பாகம் காணாமல் போய், இல்லாத ஒரு பாகம் பிறந்துவிடும். பத்தொன்பது வருடத்தில் அவள் அப்படி ஒன்றையும் பிறக்க விட்டதில்லை.

பெரிய அறையில் இருந்த புதிய சர்வர்களில் வேலை சுலபம். விசைப்பலகையில் ஒரு வரி தட்டினால், தன் வயிற்றுக்குள் இருக்கிற பாகங்களின் பெயரையும் எண்ணையும் அவையே ஒப்பித்துவிடும். மாடிகளில் அங்கங்கே இருந்த பழைய பெட்டிகளுக்கு வாய் கிடையாது. ஏறிப் போய், முட்டி போட்டு உட்கார்ந்து, பாகத்தை இழுத்து, டார்ச் அடித்துச் சீட்டைப் படிக்க வேண்டும். அவளும் படித்துக்கொண்டுதான் இருந்தாள். இரண்டு முழங்காலும் காய்த்துப் போயிருந்தன.

பாகங்களை மாற்றுகிறவன் டெக்னீஷியன். நூற்றுப் பத்து கிலோ எடை. அதனால் எல்லோரும் அவனை ஒல்லி என்று கூப்பிட்டார்கள். மாற்றுவது அவன், எழுதுவது அவள். அவன் ஒரு துண்டுச் சீட்டில் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் கிறுக்கிக்கொண்டு வந்து நீட்டுவான். அவள் அதை வாங்கி மேஜையில் வைத்துவிட்டு டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

"ஏன்க்கா, என் மேல நம்பிக்கையே இல்லையா?"

"உன் மேல இருக்கு. உன் கையெழுத்து மேலதான் இல்லை."

வீட்டிலும் ஏறக்குறைய இதே சங்கதிதான். அவள் கணவர் ஒரு அச்சகத்தில் முப்பது வருடம் பிழை திருத்திவிட்டு ஓய்வு பெற்றவர். மருந்துச் சீட்டு, பால் பாக்கெட், கல்யாணப் பத்திரிகை என்று எதைக் கையில் கொடுத்தாலும் ஒரு கொம்பாவது காலாவது விடுபட்டிருப்பதைக் கண்டுபிடிப்பார். ஒரே மகள். அதே மருத்துவமனையில் நான்காம் மாடி ஆண்கள் வார்டில் நர்ஸ். இருபத்தாறு வயது. காலையில் அம்மாவும் மகளும் ஒரே பஸ்ஸில் போவார்கள். மதியம் மாடிப்படிக்குக் கீழே இருந்த பெஞ்சில் ஒரே டப்பாவைப் பிரித்து வைத்துக்கொண்டு சாப்பிடுவார்கள். வார்டில் யார் எப்படி வலியில் கத்தினார்கள், எந்த டாக்டருக்கு எந்த டாக்டரைக் கண்டால் ஆகாது என்பதெல்லாம் அம்மாவுக்கு அத்துப்படி.

ஒரு திங்கட்கிழமை, பவர் சப்ளை செய்து தந்த கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. இந்த எண்ணிலிருந்து இந்த எண் வரை உள்ளவற்றில் உள்ளே ஒரு சின்னப் பாகம் சூடு தாங்காது, எரிந்துவிடலாம், உடனே கழற்றிவிடுங்கள் என்று எழுதியிருந்தார்கள். மருத்துவமனை முழுக்க அந்தக் கம்பெனியின் பவர் சப்ளைகள் இருநூற்றுப் பன்னிரண்டு. அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். வியாழக்கிழமைக்குள் பதினேழு மாட்டின. பதினேழையும் ஒல்லி கழற்றினான். அவள் சிவப்பு நாடா சுற்றி அட்டைப் பெட்டியில் போட்டு மூடினாள்.

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குப் பாக்கி ஒன்றே ஒன்று. நான்காம் மாடி வார்டில், நர்ஸுகள் உட்காரும் இடத்துக்குப் பக்கத்து அலமாரிக்குள் இருந்த பெட்டி. அந்த வார்டின் மருந்து விவரம் முழுக்க அதில்தான் இருந்தது. வாயில்லாப் பெட்டி.

அன்றைக்கு அவள் கணவருக்கு இரண்டு மணிக்குக் கண்புரை ஆபரேஷன், ஊருக்கு அந்தப் பக்கத்தில் இருந்த கண் ஆஸ்பத்திரியில். டாக்ஸி கீழே வந்து நின்றுவிட்டது. அவர் உள்ளே உட்கார்ந்துகொண்டு போன் மேல் போன் போட்டார். இந்தப் பக்கம் கணினிப் பிரிவு மேலாளர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அம்மா, முடிஞ்சுதா இல்லையா? மேலிடத்துக்கு இப்பவே அனுப்பணும். மூணு தடவை கேட்டுட்டாங்க."

"ஒண்ணே ஒண்ணுதான் சார். நாலாவது மாடி."

"உங்க ரிஜிஸ்டர்ல இருக்கும்ல?"

இருந்தது. போன வருடம் அவளே எழுதியது. பழைய பவர் சப்ளை கழற்றப்பட்டது, புதியது மாட்டப்பட்டது, எண் இன்னது. அவளே போய்ப் பார்த்து எழுதிய எண். கம்பெனி சொன்ன வரிசைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. லிஃப்ட் வாசலில் இரண்டு ஸ்ட்ரெச்சர் காத்திருந்தன. போன் மறுபடி அடித்தது. அவள் இருநூற்றுப் பன்னிரண்டாவது கட்டத்தில் டிக் போட்டு, கீழே 'அனைத்தும் நேரில் சரிபார்க்கப்பட்டன' என்று இருந்த வரிக்கு நேரே கையெழுத்தும் போட்டுவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

அவளுக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. போன வருடம் மாட்டிய அந்தப் புதிய பவர் சப்ளை, மாட்டிய நாலாவது நாளே விசில் அடிக்க ஆரம்பித்துவிட்டது. நோயாளிகள் தூங்க முடியவில்லை என்று வார்டில் சத்தம் போட்டார்கள். ஒல்லி போய் அதைக் கழற்றினான். கையில் வேறு இல்லை. வேறு ஒன்று வரும் வரைக்கும் ஓடட்டும் என்று பழையதையே எடுத்து மாட்டினான். துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்தான். சட்டை சலவைக்குப் போனது. சீட்டும் கூடவே போனது. வேறு ஒன்று வரவும் இல்லை, அதை யாரும் கேட்கவும் இல்லை.

அவள் கையெழுத்துப் போட்ட பிறகு ஒன்பது மாதம் எல்லாம் ஒழுங்காக ஓடியது.

ஒரு புதன்கிழமை காலை பத்தரை மணி வாக்கில் நான்காம் மாடியிலிருந்து போன் வந்தது. எல்லா ஸ்கிரீனும் கறுத்துவிட்டது, என்னமோ தீய்ந்த வாசனை வருகிறது என்றார்கள். அவளும் ஒல்லியும் ஏறிப் போனார்கள். அலமாரிக் கதவு இறுக்கி மூடியிருந்தது. ஃபேன் சத்தம் தொந்தரவு என்று வார்டில் எப்போதும் அதை மூடியே வைப்பது வழக்கம். திறந்ததும் புகை குப்பென்று முகத்தில் அடித்தது. அந்தப் பெட்டிக்கு இரண்டு பவர் சப்ளை; ஒன்று போனாலும் மற்றது தாங்கும். ஆனால் வேறு கம்பெனியுடைய அந்த இரண்டாவது மூன்று வாரம் முன்பே செத்துப் போயிருந்தது. அதன் மஞ்சள் விளக்கு மூடிய கதவுக்குப் பின்னால் யாருக்கும் தெரியாமல் எரிந்துகொண்டிருந்திருக்கிறது.

ஒல்லி எரிந்ததை உருவி அவள் கையில் கொடுத்தான். துணியோடு பிடித்தும் சுட்டது. அவள் சீட்டைப் படிக்கப் போகும்போது மகள் ஒரு தட்டை ஏந்திக்கொண்டு வேகமாக வந்தாள்.

"எவ்வளவு நேரம்மா ஆகும்?"

"ஒரு மணி நேரம் ஆகும் போல."

"சரி, சரி," என்று மகள் போய்விட்டாள்.

ஒன்பதாம் எண் படுக்கையில் முப்பத்து நாலு வயதுக்காரர் ஒருவர் இருந்தார். கண்ணாடி வெட்டுகிற தொழில். உள்ளங்கையில் வெட்டுப்பட்டு, அது சீழ் பிடித்து, உடம்பெல்லாம் காய்ச்சல் ஏறி அன்று காலை எட்டு மணிக்குத்தான் சேர்ந்திருந்தார். வார்டின் மருந்துத் தாள் தினமும் காலை ஆறு மணிக்கே அச்சாகிவிடும். இவர் பெயர் அதில் இல்லை. இவரைப் பற்றிச் சேர்க்கும்போது தட்டிய விவரமெல்லாம் நின்றுபோன பெட்டிக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. டாக்டர் வந்து பார்த்தார். காய்ச்சல் ஏறிக்கொண்டே போகிறது, காத்திருக்க முடியாது என்று ஒரு ஊசி மருந்தை வாயால் சொல்லிவிட்டு அடுத்த வார்டுக்குப் போனார். மகள் நோயாளியின் காதருகே குனிந்து, "உங்களுக்கு எந்த மருந்தாவது ஒத்துக்காதா? அலர்ஜி ஏதாவது இருக்கா?" என்று இரண்டு தடவை கேட்டாள். அவர் காய்ச்சல் மயக்கத்தில் இல்லை என்கிற மாதிரி தலையை ஆட்டினார். அவர் மனைவி ரத்தப் பரிசோதனை முடிவு வாங்கக் கீழே போயிருந்தாள். மகள் ஊசி போட்டாள்.

இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. அம்மா அலமாரி முன்னால் முட்டி போட்டிருந்தபடியே திரும்பினாள். மகள் குரல் அப்படிக் கிழிந்து அவள் கேட்டதே இல்லை. ஓடி வந்தார்கள், திரையை இழுத்தார்கள், யார் யாரோ எண்களைக் கத்தினார்கள். திரைக்குக் கீழே அவளுக்குத் தெரிந்ததெல்லாம் கால்கள். அதில் மகளின் வெள்ளைச் செருப்பு ஒரே இடத்தில் ஆணி அடித்த மாதிரி நின்றது. இருபது நிமிடம் கழித்துத் திரை விலகியபோது எல்லாம் முடிந்திருந்தது.

அந்த நேரம் பார்த்து அவர் மனைவி பரிசோதனைத் தாளோடு வந்தாள். முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் அழவும் இல்லை. ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக் கேட்டாள்.

"நான் சொன்னேனே. காலையிலயே சொன்னேனே, அந்த ஊசி அவருக்கு ஆகாதுன்னு. எழுதிக்கிட்டாங்களே. என் கண்ணு முன்னாடிதானே கம்ப்யூட்டர்ல ஏத்தினாங்க?"



எரிந்த பவர் சப்ளை இன்னும் சீரியல் அக்காவின் கையில்தான் இருந்தது. எதைச் செய்வது என்று தெரியாதபோது கை பழகிய வேலையைச் செய்யும். அவள் அதைத் திருப்பி, கரியை விரலால் துடைத்து, சீட்டைப் படித்தாள். மறுபடி படித்தாள். கம்பெனி சொன்ன வரிசையின் இரண்டு எண்களும் அவளுக்கு இன்னும் மறக்கவில்லை. இது அந்த இரண்டுக்கும் நட்டநடுவில் இருந்தது.

கீழ்த்தளத்துக்கு வந்ததும் ஒல்லி தன் மேஜையின் கடைசி டிராயரை இழுத்தான். திருகாணி டப்பாக்களுக்கு அடியில், ரிஜிஸ்டரின்படி நான்காம் மாடியில் இருக்க வேண்டிய அந்தப் புதிய பவர் சப்ளை கிடந்தது.

"விசில் அடிச்சுதுக்கா. நாலு நாள்ல மாத்திடலாம்னுதான் நினைச்சேன். சீட்டு எழுதினேன், சத்தியமா எழுதினேன். துணியோட போயிடுச்சு."

"என்கிட்ட வாயால சொல்லியிருக்கலாமே."

"மறந்துட்டேன்." அவன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான். "அக்கா, வெளியே சொல்லிடாதீங்க. நீங்களும் டிக் போட்டிருக்கீங்க. பார்த்தேன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

அவன் மிரட்டவில்லை, கெஞ்சத்தான் செய்தான். ஆனாலும் அது அவளுக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

மேலாளர் சாயங்காலம் அவளைக் கூப்பிட்டார். "மின்சாரத்துல ஏற்ற இறக்கம், அதனால சிறிய தடங்கல்னு எழுதியாச்சு. உங்க ரிஜிஸ்டர் சுத்தமா இருக்கு, புது பார்ட்னுதான் போட்டிருக்கு. அப்படியே இருக்கட்டும். எரிஞ்சதை ஒல்லிகிட்ட குடுங்க, உடைஞ்ச சாமானோட போயிடும்."

"சார், ஊசி போட்டது என் பொண்ணு."

"தெரியும்மா. கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா அது நர்ஸிங் விஷயம், நாம வேற. கூட இருந்தவங்களைக் கேட்காம போட்டுட்டாங்கன்னு சொல்றாங்க. நம்ம பக்கம் எதையாவது கிளப்பினா அவங்களுக்கு நல்லதாகப் போறதில்லை, உங்களுக்குக் கெட்டதாகும், அவ்வளவுதான்."

அவள் தலையை ஆட்டிவிட்டு வந்தாள். எரிந்ததை ஒல்லியிடம் கொடுக்கவில்லை. செய்தித்தாளில் சுற்றிச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

மகளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். அவள் வந்து சுவரைப் பார்த்துப் படுத்தவள்தான். அம்மா தட்டில் சாப்பாடு போட்டு வைப்பாள். ஈ மொய்ப்பதற்கு முன்னால் எடுத்துக்கொண்டு போவாள். மூன்று நாள் இப்படிப் போனது. சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் வாசல் வரை போவாள். தட்டை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவாள். சொல்லி மட்டும் ஆகப்போவது என்ன, ஊசி போட்டது அவள்தானே, மேலாளர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறதே என்று தனக்குத் தானே வக்கீலாகப் பேசிக்கொண்டாள். தன்னைப் பற்றி அவளுக்கு அதற்கு முன் தெரியாத குணம் அது.

மூன்றாம் நாள் கணவர் பையைத் துழாவி அந்தப் பொட்டலத்தைக் கண்டுபிடித்தார். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பிரித்தார். புதுக் கண் வந்ததிலிருந்து அவர் எதையும் விடுவதில்லை. சீட்டில் இருந்ததை ஒவ்வொரு எழுத்தாக உரக்கப் படித்துவிட்டு, "இது என்னம்மா, கருகிக் கிடக்கு?" என்றார்.

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். முடிந்ததும், "அப்ப அது என்னாலயா? நான் போன் போட்டு அவசரப்படுத்தினதுனாலயா?" என்று கேட்டார்.

"உங்களால இல்லைங்க. நீங்க கீழே டாக்ஸியிலதான் இருந்தீங்க. பேனா என் கையில இருந்தது."

திரும்பினால் மகள் கதவருகே நின்றிருந்தாள். எவ்வளவு கேட்டாள் என்று விசாரிக்கத் தேவையே இருக்கவில்லை.

"மூணு நாளா இதை மனசுல வச்சுக்கிட்டா எனக்குச் சாப்பாடு போட்டே?"

"கண்ணு..."

"நான் என்ன நினைச்சுக்கிட்டுக் கிடந்தேன் தெரியுமா? அவர் தலையாட்டினது இல்லைன்னு சொல்லவா, வலியிலயான்னு அதையே நினைச்சுக்கிட்டுக் கிடந்தேன். ஸ்கிரீன் ஏன் போச்சுன்னு எனக்குத் தோணவே இல்லை. உனக்குத் தெரிஞ்சிருக்கு."

"விசாரணையில சொல்லப் போறேன்டி. எல்லாத்தையும் சொல்றேன்."

"சொல்லு. ஆனா என்னைக் காப்பாத்தறேன்னு சொல்லாதே. ஊசி இந்தக் கைதான் போட்டது." மகள் வலது கையைத் தூக்கிக் காட்டினாள். அவளே அதைப் பார்த்துவிட்டு, பாவாடை மடிப்பில் மறைத்துக்கொண்டாள்.

விசாரணை ஒரு வாரம் கழித்து நடந்தது. நீளமான மேஜை, மூன்று அதிகாரிகள், ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில். சுவரோரம் போட்ட நாற்காலிகளில் டாக்டர், மேலாளர், ஒல்லி. கடைசி நாற்காலியில் இறந்தவரின் மனைவி. தையல் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவள். அரை நாள் விடுப்பு எடுத்து வந்திருந்தாள், சட்டைக் கழுத்தில் குத்திய ஊசியை எடுக்க மறந்திருந்தாள்.

மேலாளர் மின்சார ஏற்ற இறக்கம் என்று ஆரம்பித்தார். அவர் உட்கார்ந்ததும் சீரியல் அக்கா எழுந்தாள். ரிஜிஸ்டரை விரித்து வைத்தாள். பக்கத்தில் செய்தித்தாளைப் பிரித்து எரிந்ததை வைத்தாள். கம்பெனி கடிதத்தை வைத்தாள். "இந்தப் பக்கத்துல எழுதியிருக்கிற நம்பரும் இதுல இருக்கிற நம்பரும் வேற. இது ஒன்பது மாசம் முன்னாடியே கழற்றியிருக்க வேண்டியது. நேர்ல பார்த்தேன்னு கையெழுத்துப் போட்டது நான். நான் போய்ப் பார்க்கலை," என்றாள்.

அதிகாரி ஒருவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு எண்களையும் ஒப்பிட்டார். பழையதை மறுபடி மாட்டியது யார் என்று கேட்டார்கள். ஒல்லி எழுந்து நின்று, "ஞாபகம் இல்லை சார்," என்றான். அவன் டிராயர் அதற்குள் காலியாகியிருந்தது. அவள் அவனைப் பார்க்கவில்லை. தான் செய்ததைத்தான் சொல்ல வந்தாள். அவனிடம் கேட்டதற்கு அவன்தான் பதில் சொல்ல வேண்டும் என்று நின்றுகொண்டாள். ஆனால் அதிகாரி விடாமல் அவளையே கேட்டபோது, தான் டிராயரில் பார்த்ததையும் சொல்லிவிட்டாள்.

முடிக்கிற சமயத்தில் இறந்தவரின் மனைவி, "நான் ஒண்ணு கேட்கலாமா?" என்றாள். கேட்கச் சொன்னார்கள். அவள் அதிகாரிகள் பக்கம் திரும்பவில்லை.

"அந்த நாலாவது மாடிக்கு ஏறிப் போக எவ்வளவு நேரம் ஆகும்?"

சீரியல் அக்கா பதில் சொல்லத்தான் வேண்டும். "லிஃப்ட் இல்லைன்னா மூணு நிமிஷம்."

"பார்க்கறதுக்கு?"

"ரெண்டு நிமிஷம்."

"இறங்கி வர?"

"ரெண்டு நிமிஷம் போதும்."

கேட்டவள் மனசுக்குள் கூட்டுவது உதட்டில் தெரிந்தது. பிறகு தலையை ஒரு தடவை ஆட்டிவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். திட்டியிருந்தால், மேஜையில் கிடந்ததை எடுத்து எறிந்திருந்தால்கூட சீரியல் அக்காவுக்குத் தேவலை போலிருந்திருக்கும்.

அதற்குப் பிறகு நடந்தவை மடமடவென்று நடந்தன. மருத்துவமனையில் இருந்த பெட்டிகள் எல்லாவற்றையும் வெளியாட்களை வைத்துத் திறந்து, ஒவ்வொரு பாகத்தையும் ரிஜிஸ்டரோடு ஒப்பிட்டார்கள். நாற்பத்தொரு இடத்தில் எழுதியிருந்தது ஒன்று, உள்ளே இருந்தது ஒன்று. அதில் கம்பெனி கழற்றச் சொன்ன பவர் சப்ளைகள் இன்னும் இரண்டு அகப்பட்டன. ஒன்று ரத்த வங்கியில். இன்னொன்று ஆபரேஷன் தியேட்டர் இருக்கும் தளத்தில். இரண்டும் அவள் பார்த்துவிட்டுப் போன பிறகு, ஒல்லி அவசரத்துக்குப் பழைய சாமானிலிருந்து எடுத்து மாட்டியவை. அவள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அவை இரண்டும் இன்றைக்கும் அங்கேயே சூடேறிக்கொண்டிருக்கும் என்று கணவர் அடிக்கடி சொல்வார். அவளுக்கு அது ஆறுதலாகவே இல்லை. நாற்பத்தொன்று என்பது அவளுக்கு வேறு மாதிரி வலித்தது. பத்தொன்பது வருடம் தன்னுடையது என்று நினைத்திருந்த ரிஜிஸ்டர், நாற்பத்தொரு இடத்தில் இன்னொருவன் சட்டைப் பையில் இருந்திருக்கிறது.

கையெழுத்து அவளுடையது என்பதால் வேலை போனது அவளுக்கு. ஒல்லிக்கு வேறு கிளைக்கு மாற்றல். மேலாளர் மேலாளராகவே இருந்தார். நீக்கல் உத்தரவை ஒரு கடைநிலை ஊழியர் வீட்டுக்குக் கொண்டுவந்தார். பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போடும் முன் அவள் அதை முழுதும் படித்தாள். அவள் பணியாளர் எண்ணில் ஒரு இலக்கம் தவறாக அச்சாகியிருந்தது. "இதைத் திருத்திக் கொண்டுவாங்க. இது நான் இல்லை," என்றாள். அவர் விழித்தார். பிறகு பேனாவால் அடித்துத் திருத்தி, பக்கத்தில் இருவரும் சுருக்கொப்பம் வைத்தார்கள். அவர் போன பிறகு, எதற்கு அதைச் செய்தோம் என்று அவளுக்கே சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்தது எப்படியோ அழுகையில் போய் முடிந்தது. அந்த இரண்டு வாரத்தில் அவள் அழுதது அப்போதுதான்.

மகளுக்கு எச்சரிக்கையோடு வேலை திரும்பக் கிடைத்தது. கூட இருப்பவர் வரும்வரை காத்திருந்திருக்க வேண்டும், ஆனால் விவரம் கிடைக்காமல் போனது அவள் குற்றமல்ல என்று எழுதியிருந்தார்கள். அவள் நான்கு நாள் போனாள். கட்டுப் பிரித்தாள், படுக்கை மாற்றினாள், காய்ச்சல் பார்த்தாள். ஊசியை எடுத்தால் மட்டும் கை கேட்கவில்லை. உடன் வேலை செய்தவர்கள் அவளுக்குப் பதிலாகத் தாங்கள் போட்டார்கள். ஐந்தாம் நாள் காலை அவள் சீருடை மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

பிறகு வேறு ஒரு ஊரில், முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் விடுதி ஒன்றில் வேலை தேடிக்கொண்டாள். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, நடக்கப் பிடித்துக்கொள்வது. மருந்துக்கு வேறு ஆள். கிளம்புகிற அன்று அம்மாதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு வந்தாள். பஸ் புறப்பட இன்னும் நேரம் இருந்தது. நடத்துநர் டீ குடிக்கப் போயிருந்தார்.

"நீ சொன்னது சரிதான்மா," என்றாள் மகள், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு. "சொல்லாம இருந்திருந்தா நான் உன் மூஞ்சியிலயே முழிச்சிருக்க மாட்டேன். ஆனா உன் மேல கோபம் போகலை. போகுமான்னு தெரியலை. பொய் சொல்ல வேண்டாம்னு பார்க்கிறேன்."

"வேண்டாம். சொல்லாதே."

"ஏழு நிமிஷம்மா."

"ஆமா."

மகள் கையை வெளியே நீட்டி அம்மாவின் தோளில் ஒட்டியிருந்த ஏதோ நூலை எடுத்துப் போட்டாள். நடத்துநர் வந்து விசில் கொடுத்தார். பஸ் திரும்பி, பழக்கடை வரிசையைத் தாண்டி, மேம்பாலத்துக்குக் கீழே புகுந்து மறைந்தது.

இதெல்லாம் நடந்து ஆறு வருடம் ஆகிறது. மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் பண்ணுவாள். அப்பாவிடம் நிறையப் பேசுவாள், அம்மாவிடம் கொஞ்சம். வருடத்துக்கு ஒரு தடவை வந்து மூன்று நாள் தங்குவாள். கல்யாணப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவாள். அம்மா இப்போது ஒரு நூலகத்தில் பகுதி நேரமாகப் புத்தகங்களை அடுக்கி வைக்கிறாள். அங்கே யாரும் அவளைச் சீரியல் அக்கா என்று கூப்பிடுவதில்லை. புத்தகம் கேட்டு வருகிறவர்களுக்கு அவள் வெறும் அம்மா. மழைக்காலத்தில் முழங்கால் வலிக்கிறது. போன வருடம் சந்தையில் தையல்காரியை, அந்தக் கண்ணாடி வெட்டுகிறவரின் மனைவியைத் தூரத்தில் பார்த்தாள். பக்கத்தில் அப்பா சாயலில் ஒரு பெண் குழந்தை, கையில் முறுக்கிப் பிடித்த பலூனோடு. கிட்டே போகலாமா என்று காய்கறிக் கடை ஓரமாகக் கொஞ்ச நேரம் நின்றாள். போய் என்ன சொல்வது என்று தெரியவில்லை. அவர்கள் செருப்புக் கடைக்குள் நுழைந்தார்கள். அவள் வாங்க வந்ததை வாங்காமலே வீட்டுக்கு நடந்தாள்.